சிறு தீவு நாடுகள் சேவை ஏற்றுமதியை நம்பி வளர முடியுமா? வெளியிலிருந்து அவற்றுக்கு எப்படி உதவலாம்?

முடியும் என்பதே என் பதில். ஆனால் எந்தச் சேவை, அது யாருடைய தயவில் நடக்கிறது என்று பார்க்காமல் 'சேவைத் துறைக்கு மாறுங்கள்' என்று பொதுவாக அறிவுரை கூறுவது அந்நாடுகளுக்குப் பயன்படாது. வளர்ச்சிப் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில், எனக்கு நன்கு தெரிந்த மொரிஷியஸை முன்வைத்து விளக்குகிறேன். (தன் ரூபாய்த் தாள்களில் தமிழையும் அச்சிடும் நாடு என்பதால், நம்மில் பலருக்கு அதன் மீது தனி ஈடுபாடு இருப்பது இயல்பே.)

ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவு 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்றபோது, ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்தே வந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் 1961-இல் அத்தீவைப் பற்றி அளித்த ஆய்வில், பெருகிவரும் மக்கள்தொகைக்கு வேலை எங்கிருந்து வரும் என்ற கவலையே மேலோங்கி நின்றது. அந்தக் கவலை பலிக்காமல் போனதற்குச் சர்க்கரையும் ஒரு காரணம். ஐரோப்பா தன் முன்னாள் காலனி நாடுகளோடு 1975-இல் செய்துகொண்ட லோமே வர்த்தக ஒப்பந்தத்தின் சர்க்கரை நெறிமுறைப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை ஐரோப்பா உறுதியான விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்த விலை பெரும்பாலான ஆண்டுகளில் உலகச் சந்தை விலையைவிட மிக உயர்ந்திருந்தது. 1970-இல் சட்டமான ஏற்றுமதிப் பதப்படுத்தல் மண்டலத் திட்டத்தால் முளைத்த ஆயத்த ஆடைத் தொழிலும், ஐரோப்பா அளித்த வரிச் சலுகையையும் ஆசியப் போட்டி நாடுகள் மீது விதிக்கப்பட்டிருந்த கோட்டாவையும் (இறக்குமதி அளவு வரம்பையும்) நம்பியே வளர்ந்தது. 2005 தொடக்கத்தில் ஆடைக் கோட்டா முறை உலக அளவில் முடிவுக்கு வந்தது. 2006 முதல் நான்கே ஆண்டுகளில் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2009-இல் நெறிமுறையும் முடிந்துபோனது. இந்த முடிவுகளில் ஒன்றுகூட மொரிஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் எடுக்கப்பட்டதன்று.

அதற்குள் வேறு தொழில்களுக்கான அடித்தளத்தை இட்டிருந்ததே அந்நாட்டைக் காத்தது. அந்த அடித்தளம் எது என்று கேட்டால், 1977 முதல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியதையே நான் முதலில் சொல்வேன். அதன் பயனாக ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதப் பேசத் தெரிந்த ஒரு தலைமுறை வேலைக்கு வந்து நின்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக மலேசியா வரை செல்லும் சேஃப் கடலடிக் கேபிள் 2002-இல் மொரிஷியஸைத் தொட்டது. எபேன் என்னுமிடத்தில் இந்திய அரசின் கடனுதவியோடு சைபர் சிட்டி எழுந்தது. பாரிஸுக்கும் அத்தீவுக்கும் உள்ள நேர வேறுபாடு இரண்டு அல்லது மூன்று மணி நேரமே என்பதால், பிரெஞ்சு நிறுவனங்களுக்கான கால் சென்டர் பணியும், கணக்குப் பதிவு, மென்பொருள் போன்ற பணிகளும் அங்கே நடக்கத் தொடங்கின. சரக்கை ஏற்றி அனுப்பும் தீவுக்குத் தொலைவே பெரும் பகை; கப்பல் கூலி ஈட்டியதைத் தின்றுவிடும். கேபிள் வழியாகச் செல்லும் வேலைக்கு அந்தக் கூலி இல்லை. சிறு தீவுகளுக்குச் சேவை ஏற்றுமதி பொருந்துவதற்கான அடிப்படைக் காரணம் இதுவே.

நிதிச் சேவையின் கதை இதைவிடச் சிக்கலானது. அதிலிருந்து கற்க வேண்டியதும் மிகுதி. பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் ஆங்கிலப் பொதுச்சட்டமும் கலந்த சட்ட முறையும், இறுதி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் ஏற்பாடும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை அளித்தன. அவற்றைவிடப் பெரிய ஈர்ப்பாக இருந்தது 1982-இல் இந்தியாவோடு செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். மொரிஷியஸைச் சேர்ந்த முதலீட்டாளர் இந்திய நிறுவனப் பங்குகளை விற்று ஈட்டும் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை மொரிஷியஸுக்கே என்று அது கூறியது. மொரிஷியஸோ அத்தகைய வரியை விதிக்கவில்லை. 1991-க்குப் பின் இந்தியா கதவைத் திறந்தபோது, இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டில் மிகப் பெரிய பங்கு பல ஆண்டுகள் அத்தீவின் வழியாகவே வந்தது. அங்கே கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் நிதி நிர்வாகிகளும் பெருகினார்கள். இந்தியாவின் வரி வருவாய் இழப்பு என்னும் நியாயமான மனக்குறையும் கூடவே வளர்ந்தது. 2016-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளின் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவிடம் வந்தது. பணமோசடித் தடுப்பில் குறைபாடு இருப்பதாக 2020 பிப்ரவரியில் பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) மொரிஷியஸைச் 'சாம்பல் பட்டியல்' எனப்படும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2021 அக்டோபரில்தான் நீக்கியது. சர்க்கரை விலையைப் பிறர் குறைத்ததுபோலவே, இங்கும் பிறர் சட்டத்தில் இருந்த இடைவெளி அடைபட்டதும் வணிகம் ஆட்டம் கண்டது. பொருளிலிருந்து சேவைக்கு மாறுவதே பன்முகப்படுத்தல் ஆகிவிடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எனினும் அந்த வணிகத்தில் தேர்ச்சி பெற்ற மனிதர்கள் அங்கேயே இருந்தார்கள்; அந்தத் திறனை ஆப்பிரிக்க முதலீடுகளின் பக்கம் திருப்ப முடிந்தது. சலுகை போன பின்னும் எஞ்சி நின்றது கற்ற தொழில்தான்.

சுற்றுலாவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் ஏறத்தாழ 13.8 லட்சம் பயணிகள் வந்த நாடு, 2020 மார்ச்சில் எல்லையை மூட நேர்ந்தது. முழுமையாகத் திறந்தது 2021 அக்டோபரில். சுற்றுலாவைத் தவிர வேறு வருவாய் இருந்ததால் மொரிஷியஸ் தாக்குப்பிடித்தது.

சேவை வணிகத்தில் சிறிய நாடு எவ்வளவு வலுவற்று நிற்கிறது என்பதற்கு கரீபியத் தீவு நாடான ஆன்டிகுவா-பார்புடாவின் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இணையவழிச் சூதாட்டச் சேவைக்கு அமெரிக்கா விதித்த தடைகளை எதிர்த்து அந்நாடு 2003-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2005-இல் முக்கியப் பகுதிகளில் வென்றது. அமெரிக்கா தீர்ப்புக்கு இணங்காததால், ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு எதிர்நடவடிக்கை எடுக்கலாம் என்று 2007-இல் நடுவர்கள் கூறினார்கள். அமெரிக்கப் பொருள்களுக்கு வரியை உயர்த்தினால் துன்பப்படுவது ஆன்டிகுவா மக்களே என்பதால், அறிவுசார் சொத்துரிமைக் கடமைகளை நிறுத்திவைக்கும் அனுமதியைக் கேட்டு 2013-இல் பெற்றது. அத்தனைக்குப் பிறகும் இழந்த சந்தை திரும்பவில்லை. சூதாட்டத்தை நான் ஏற்றுமதித் தொழிலாகப் பரிந்துரைப்பவன் அல்லன். ஆனால் ஒரே வாடிக்கை நாட்டைச் சார்ந்த சேவைக்குச் சட்டப்படி வென்றாலும் பாதுகாப்பில்லை என்பதை அவ்வழக்கு காட்டுகிறது.

இனி உதவியைப் பற்றி. வர்த்தகத்துக்கான உதவி என்ற பெயரில் 2005 முதல் பெரும் தொகை செலவிடப்படுகிறது. அதில் துறைமுகத்தையும் சாலையையும் குறை கூற மாட்டேன். ஆனால் தீவில் படித்த செவிலியரின், கணக்காளரின், பொறியாளரின் பட்டம் அண்டை நாட்டில் செல்லாது என்றால், ஒப்பந்தத்தில் சந்தை திறந்திருப்பதாக எழுதியிருந்தும் பயனில்லை. தகுதிச் சான்றுகளைப் பரஸ்பரம் ஏற்கச் செய்வதும், அதற்கு ஏற்பத் தீவின் தொழில்முறை மன்றங்களை வலுப்படுத்துவதும் அதிகப் பணம் கேட்காத, பொறுமை கேட்கும் உதவி. சரக்கைச் சுங்கச் சாவடியில் எண்ணலாம், சேவையை அப்படி எண்ண முடியாது. யார் எந்த நாட்டுக்கு எதை விற்கிறார்கள் என்ற கணக்கே இல்லாமல் பேச்சுவார்த்தை மேசைக்குச் செல்லும் தீவுகள் பல. புள்ளியியல் துறைக்கு ஆள் பயிற்றுவிப்பது அதனால் அவசரமானது. இரண்டாவது கேபிளும் அப்படியே: 2022 ஜனவரி எரிமலை வெடிப்பில் ஒரே பன்னாட்டுக் கேபிள் அறுந்து, பசிபிக் தீவு நாடான டோங்கா ஐந்து வாரம் ஏறக்குறையத் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

2024 ஆகஸ்டில் இந்தியப் பெருங்கடல் தீவு நாடான கொமொரோஸும் தென்கிழக்கு ஆசியாவின் கிழக்குத் திமோரும் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தன. இரண்டும் மிகக் குறைவாக வளர்ந்த நாடுகளின் பட்டியலில் உள்ளவை என்பதால், 2011-இல் அவ்வமைப்பு ஏற்ற விலக்கின்படி மற்ற நாடுகள் இத்தகைய நாடுகளின் சேவைகளுக்கு மட்டும், பிறருக்குத் தராத தனிச் சலுகை தரலாம். அந்த விலக்கு 2030 இறுதிவரை நீடிக்கிறது. வெனிலா, கிராம்பு, நறுமண எண்ணெய் ஆகியவற்றை விற்றுவரும் கொமொரோஸுக்கு நான் ஆலோசனை கூற வேண்டியிருந்தால், தன் தொழில்முறைப் பணியாளர்களுக்கான விசாவையும் பட்டங்களுக்கான ஏற்பையும் அந்த விலக்கின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளிடம் இப்போதே கேட்கச் சொல்வேன். 2030-க்குள் அந்தச் சலுகையைப் பயன்படுத்தப்போகும் மாணவர்கள் இன்று பள்ளியில் இருக்கிறார்கள்.