கராம்பு எண்ணெயும் பூஞ்சணம் பிடித்த கச்சானும்

கேள்வி: மூட்டையில் கட்டிவைத்த கச்சானில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. யூரியூப்பில் சொன்னபடி கராம்பு எண்ணெய் தெளித்து, வெயிலில் போட்டு, வறுத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை கொடுத்தேன். கான்சர் வருமா டொக்டர்? சின்னவனுக்கு (இரண்டரை வயது) கன்னத்தில் வெள்ளைத் தேமல் வந்ததும் அதனாலா? போன கிழமை அவன் அந்த எண்ணெய்ப் போத்தலையும் வாயில் வைத்துவிட்டான்.
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டு கிழமைக் கச்சானை நினைத்து நித்திரையைக் கெடுக்காதீர்கள். பூஞ்சண நஞ்சால் ஈரலில் புற்றுநோய் வருவது வருடக்கணக்காக அதைத் தின்பவர்களுக்கு. அதிலும் ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு. பிள்ளைகளுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போட்ட ஊசியில் அந்தக் கிருமிக்கான காப்பும் இருக்கிறது. தேமலுக்கும் கச்சானுக்கும் சம்பந்தமில்லை. தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு மறந்துவிடுங்கள்.

மிச்சக் கச்சானைக் கிடங்கு வெட்டிப் புதையுங்கள். கோழிக்கும் போடக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கெட்ட கச்சான் பிண்ணாக்கைத் தின்று செத்த பிறகுதான் அஃப்லரொக்சின் என்ற இந்த நஞ்சே பிடிபட்டது.

வீடியோக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. கராம்பில் உள்ள யூஜினோலும் கறுவாவில் உள்ள சினமல்டிஹைட்டும் ஆய்வுகூடத்தில் பூஞ்சணத்தை வளரவிடாமல் தடுக்கின்றன. ஆனால் பூஞ்சணம் ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சை எண்ணெய் தெளித்து எடுக்க முடியாது. தாச்சியில் வறுத்தாலும் முழுதாகப் போகாது. நீங்கள் தெளித்த எண்ணெய் ஊசல் வாடையை மறைத்ததுதான் மிச்சம். அந்த வாடை இருந்திருந்தால் பிள்ளைகளே துப்பியிருப்பார்கள். அடுத்த முறை, கோதைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். பருப்பு கலகலத்தால்தான் மூட்டை கட்டலாம். அப்புறம் மூட்டையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

சரி, கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் போத்தல்! கடிதத்தில் நான் பயந்த இடம் அதுதான். ஒரு கிழமை கடந்தும் சின்னவன் ஓடித் திரிகிறான் என்றால் தப்பிவிட்டான். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பு எண்ணெய் குடித்து, மூன்று மணி நேரத்தில் நினைவிழந்து, அடுத்த நாள் ஈரலும் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கடையில் விற்கும் சின்னப் போத்தல் ஒன்றே அந்த அளவு வரும். இயற்கை மருந்தாம்!

இனி அப்படி நடந்தால் முக்கியமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி: நேரமில்லா நேரத்துத் தூக்கம். 'விளையாடிக் களைத்துவிட்டான்' என்று படுக்கப் போடாதீர்கள். விழுங்கியது நிச்சயமானால் அந்தத் தூக்கம் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகளை உப்புத்தண்ணீர் பருக்கி, கோழி இறகால் தொண்டையைக் கிண்டித்தான் எங்களிடம் தூக்கி வருகிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம். சத்தியோடு எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் ஒரு வருத்தம் இரண்டாகும். ஈரலைக் காக்க, பனடோல் அளவுக்கு மிஞ்சிக் குடித்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்தையே இதற்கும் கொடுப்போம்; அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அந்த நேரம் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராமல் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுவாருங்கள்.