பயாலஜில மார்க் வரலன்னு பாப்பாவ கோட்டயத்துக்கு அனுப்பணுமா?

கம்பத்துலருந்து கேட்ட அக்காவுக்கு. ஏலக்காத் தோட்டத்துல கூட வேலை பாக்குறவங்க, கேரளாவுல பாலா, கோட்டயம்ங்கிற ஊர்கள்ல இருக்குற நீட் கோச்சிங் பத்தி சொல்லிட்டாங்க, பாப்பா வேற செல், ஃபோட்டோசிந்தசிஸ்னு வர்ற பாடத்துல எல்லாம் ஃபெயில் மார்க் வாங்கிட்டு வந்து நிக்குது, உங்க பயம் புரியுது. ஆனா ஸ்கூல மட்டும் மாத்திறாதீங்க. 6ல இருந்து 12 வரைக்கும் நம்ம தமிழ்நாடு கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாத்தான் மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத இடஒதுக்கீடு, நடுவுல ரெண்டு வருஷம் குமுளிக்கு அந்தப் பக்கம் போய்ப் படிச்சா அது போச்சு. கோச்சிங் வேணும்னா பிளஸ் டூ முடிச்சிட்டு யோசிச்சிக்கலாம்.

இப்ப பாப்பாவுக்கு. நீட்ல 720க்கு 360 மார்க் பயாலஜிதான், அதுல கிட்டத்தட்ட பாதி பாட்டனி. நீ செல் பாடத்த தனியா, செடி பாடத்த தனியா மனப்பாடம் பண்றன்னு நீ போட்ட பேப்பர பாத்தாலே தெரியுது. ரெண்டும் ஒண்ணுதான்மா. மொத நோட்ல ஒரு குளோரோபிளாஸ்ட், ஒரு மைட்டோகாண்ட்ரியா பெருசா வரைஞ்சிக்கோ, எது எங்க நடக்குதுன்னு அது மேலயே எழுது. வெளிச்சம் வேணுங்கிற ரியாக்ஷன் குளோரோபிளாஸ்டுக்குள்ள தைலகாய்டு சவ்வுல, அங்க சக்தியக் கொண்டுபோற ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் வருது, அத எடுத்துட்டுப் போய் ஸ்ட்ரோமால கால்வின் சைக்கிள் ஓடுது, ஒரு குளுக்கோஸுக்கு 6 கார்பன் டை ஆக்சைடு, 18 ஏடிபி, 12 என்ஏடிபிஹெச் செலவு. இந்த கால்வின் சைக்கிளுக்கு இருள் வினைன்னு பேர் இருக்கேன்னு ராத்திரி நடக்கும்னு எழுதிட்டு வர்றாங்க நிறைய பேரு, அப்படி இல்ல. அதே மாதிரி செடி ராத்திரி மட்டும் சுவாசிக்கும்னு நினைக்காத, பகல்லயும் சுவாசிக்கும். சுவாசத்துல கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்துல, கிரெப்ஸ் சைக்கிள் மைட்டோகாண்ட்ரியா மேட்ரிக்ஸ்ல, எலக்ட்ரான் கடத்தல் உள்சவ்வுல, இந்த மூணு இடமும் மாறாம இருந்தா பாதி கேள்வி ஈசியாயிரும்.

சி3, சி4 குழப்புதுன்னா உங்க ஊரு வயலயே பாரு, பெரியாத்துத் தண்ணில விளையுற நெல்லு சி3, கரும்பும் மக்காச்சோளமும் சி4. கார்பன் டை ஆக்சைட பிடிச்சதும் சி4ல மொத வர்றது 4 கார்பன் ஆக்சலோஅசிட்டிக் ஆசிட், சி3ல 3 கார்பன் பாஸ்போகிளிசரிக் ஆசிட் (பிஜிஏ). ஹார்மோன்ல ஜிப்ரலின் திராட்சைக் கொத்தோட காம்ப நீளமாக்கும்னு புக்லயே இருக்கு, கம்பத்துப் பிள்ளைக்கு அத மறக்கவே கூடாது, சொல்லப்போனா தோட்டத்துக்காரங்கள்ட்ட கேட்டாலே சொல்லுவாங்க.

செல் டிவிஷன்ல, மியோசிஸோட புரோஃபேஸ்-Iல அஞ்சு ஸ்டேஜ் இருக்கே, பேர மட்டும் ஒப்பிக்காத, சைகோட்டீன்ல குரோமோசோம் ஜோடி சேருது, பாக்கிட்டீன்ல கிராசிங் ஓவர், டிப்ளோட்டீன்ல கயாஸ்மா, அதாவது கிராசிங் ஓவர் நடந்த இடம், தெரியுதுன்னு வேலையோட சேத்துப் படி. மத்தது சும்மா பாத்தா போதும்.

இன்னொன்னு, தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம் ரெண்டும் 2024லருந்து நீட் சிலபஸ்ல இல்ல, ஆனா ஸ்டேட் போர்டு புக்ல இருக்கு, ஸ்கூல் எக்ஸாமுக்கு விட முடியாது. நீட்ல தப்புக்கு ஒரு மார்க் போகும், தெரியாதத விட்ரு.

அக்கா, டாக்டர் ஒண்ணு மட்டும் வழின்னு வச்சிக்காதீங்க. நம்ம வேளாண் பல்கலைக்கழகத்துல பிஎஸ்சி அக்ரி, ஹார்ட்டிகல்ச்சருக்கெல்லாம் பிளஸ் டூ மார்க்தான், நீட் வேண்டாம். பெரியகுளத்துலயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு, பக்கம்தான். கேரளாவுல அதே அக்ரி சீட்டுக்கு நீட் மார்க்க பாக்குறாங்க, அதனால அங்க போனா ஈசின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இந்த வாரமே ஹெட்மாஸ்டர்ட்ட போய், 6லருந்து எந்தெந்த ஸ்கூல்ல படிச்சதுன்னு சர்ட்டிஃபிகேட்டுக்கு என்னென்ன வேணும்னு கேட்டு வச்சிருங்க, கவுன்சிலிங் டயத்துல அலைய முடியாது.