கலர் பிரிண்ட் பேப்பர்: வாங்குவது, வைப்பது, இருட்டில் கையாள்வது (கேள்வி பதில்)

கலர் பேப்பர் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொன்னேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பேசப்போவது முழுக்க ஆர்ஏ-4 முறையில் கழுவும் சில்வர் பேப்பரைப் பற்றி. ஆர்ஏ-4 என்பது கலர் பிரிண்டைக் கழுவும் முறை: டெவலப்பர் படத்தை வரவழைக்கும், பிளிக்ஸ் தாளில் உள்ள வெள்ளியை நீக்கிப் படத்தை நிலைநிறுத்தும்.

சார், பல வருடமாகக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடுகிறேன். இப்போது கலருக்கு வர ஆசை. எந்தப் பேப்பர் வாங்குவது? (திருச்சி)

வெட்டிய தாளாக வேண்டுமென்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். ஃப்யூஜிகலர் கிரிஸ்டல் ஆர்கைவ், 8x10 அளவு, கிளாஸி. அதிலேயே கற்றுக்கொள்ளுங்கள். கோடக் எண்டூரா நல்ல பேப்பர்தான், ஆனால் அது லேப்களுக்கான ரோலாகத்தான் வரும். தெரிந்த லேப்காரர் இருந்தால் ரோலின் கடைசி மீட்டர்களைக் கேட்டு வாங்கி, முழு இருட்டில் வெட்டிக்கொள்ளலாம். மலிவு. ஆனால் ரோல் பேப்பர் சுருண்டுகொண்டே இருக்கும், ஈஸலில் (பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம்) படியவே படியாது. முதல் மாதமே அந்த எரிச்சல் எதற்கு?

கிளாஸியைச் சொல்வதற்குக் காரணம், அதில் தவறு மறையாது. கறுப்பு நன்றாக ஆழமாக விழும், நிறச் சாய்வு உடனே கண்ணில் படும். லஸ்டர் ஆல்பத்துக்கு நல்லது, கைரேகை தெரியாது. மேட் பேப்பரில் நிழல் பகுதி கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. இன்று வரும் பேப்பர்கள் எல்லாம் லேசர் மெஷினை மனதில் வைத்துச் செய்தவை. என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) போட்டால் கான்ட்ராஸ்ட் சற்றுத் தூக்கலாக இருக்கும். பேப்பரில் குறை இல்லை. வெயிலில் எடுத்த நெகட்டிவைத் தவிர்த்து, மேகமூட்டத்தில் எடுத்ததை முதலில் போட்டுப் பாருங்கள்.

மூடப்போகும் ஸ்டூடியோவில் பிரிக்காத பெட்டி நான்கு கிடைத்தது. தேதி எப்போதோ முடிந்துவிட்டது. தேறுமா? (மதுரை)

பெட்டியின் மேல் உள்ள தேதியைவிட, அது எந்த அலமாரியில் கிடந்தது என்பதுதான் முக்கியம். குளிரில் இருந்த பழைய பெட்டி, அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு கோடையைப் பார்த்த புதுப் பெட்டியைவிட மேல்.

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். முழு இருட்டில் ஒரு தாளை எடுத்து மூன்று துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டை டெவலப்பரில் போடாமல் நேராக பிளிக்ஸில் போடுங்கள். இரண்டாவது துண்டுக்கு வெளிச்சமே காட்டாமல் டெவலப்பர், பிளிக்ஸ் இரண்டும் கொடுங்கள். மூன்றாவது துண்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, வெள்ளை விளக்கை ஒரு முறை தட்டி அணைத்துவிட்டு, அதையும் முழுதாகக் கழுவுங்கள். மூன்றையும் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் துண்டு தாளின் உண்மையான வெள்ளை. இரண்டாவதும் அதே வெள்ளையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். வெளுத்த மஞ்சளாகவோ கிரீமாகவோ இருந்தால் மூட்டம் (வெளிச்சம் படாமலே தாளில் ஏறும் நிறம்) பிடித்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவதில் நாணயத்தின் வட்டம் வெள்ளையாக, சுற்றிலும் நல்ல கறுப்பு வரவேண்டும். கறுப்புக்குப் பதில் பச்சையோ பழுப்போ வந்தால் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (நீலப்பச்சை) சாயங்களைத் தரும் மூன்று அடுக்கில் ஒன்று வலுவிழந்திருக்கிறது. அதை என்லார்ஜரில் வைக்கும் எந்த நிற ஃபில்டராலும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஃபில்டர் சாய்வை மாற்றுமே தவிர இல்லாத சாயத்தைக் கொண்டுவராது.

லேசான மூட்டம் மட்டும் என்றால் டெவலப்பரில் பென்சோட்ரையசோல் (மூட்டத்தை அடக்கும் பொருள்) துளி சேர்த்துப் பார்க்கலாம். வேகம் குறையும், நிறம் கொஞ்சம் நகரும். நான்கு பெட்டியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்று தேறினால் மற்றதும் தேறும் என்று எண்ண வேண்டாம்.

அண்ணா, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். அம்மா காய்கறிப் பக்கத்தில் இதையெல்லாம் வைக்கக்கூடாது என்கிறார். சென்னையில் வேறு வழி உண்டா? (குரோம்பேட்டை)

அம்மாவிடம் சொல்லுங்கள்: பிரிக்காத பேப்பர் பெட்டியால் காய்கறிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கெமிக்கல் மட்டும் அந்த ஃப்ரிட்ஜுக்குள் போகவே கூடாது. அதில் அம்மா கட்சிதான் நானும்.

சென்னையில் வேறு வழி இல்லை. கலர் பேப்பரை 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே வைப்பது நல்லது. அறை வெப்பத்தில் சில வாரம் தாங்கும், மே மாத அறை வெப்பத்தில் அதுவும் சந்தேகம். சூட்டில் மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. அதனால்தான் கெட்ட பேப்பர் வெறுமனே மங்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வருடக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஃப்ரீஸரிலேயே வைக்கலாம்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது வெளியே எடுக்கும்போதுதான். குளிர்ந்த பெட்டியை உடனே பிரித்தால் காற்றில் உள்ள ஈரம் தாளின் மேல் வியர்வையாகப் படியும். எமல்ஷனில் (தாளின் மேல் உள்ள, படம் விழும் பூச்சு) இருக்கும் ஜெலட்டின் ஈரம் குடித்து உப்பிவிடும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிண்டில் வட்ட வட்டமாகத் திட்டு. ஐஸ் தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தால் என்ன ஆகிறதோ அதேதான் இங்கேயும்.

எனவே பெட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கும் முன்பே கனமான ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். எடுத்த பிறகு கவரைத் திறக்காமல் நான்கு மணி நேரம் வெளியே வையுங்கள். 100 தாள் பெட்டிக்கு அது போதும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததென்றால், அல்லது ரோல் என்றால், முந்தின நாள் இரவே எடுத்துவிடுவது நல்லது. ரோலின் வெளிச்சுற்று சூடாகி நடுப்பகுதி குளிராகவே இருக்கும்.

அடிக்கடி எடுத்துத் திரும்ப வைப்பதும் நல்லதல்ல. பெட்டியைப் பிரித்ததும் 20, 25 தாளாகக் கறுப்புக் கவர்களில் பிரித்துக்கொண்டால் தேவைக்கு ஒரு கவரை மட்டும் எடுக்கலாம். கவரின் வாயை இரண்டு மடிப்பு மடித்து டேப் ஒட்டுங்கள். பெட்டியில் உள்ள எமல்ஷன் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) மேலே எழுதுங்கள். இது முக்கியம், காரணம் கீழே வருகிறது.

பீரோவில் வைக்கவே கூடாதா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். புது பெயின்ட், பிளைவுட், கொசு மருந்து வாசனை அடிக்கும் இடத்தில் வேண்டாம். பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு கலர் பேப்பருக்கு ஆகாது.

கறுப்பு வெள்ளைக்கு வைத்திருக்கும் சிவப்பு விளக்கை அப்படியே எரியவிடலாமா? (கோவை)

கூடாது. கறுப்பு வெள்ளைப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, கலர் பேப்பருக்கு நன்றாகவே தெரியும். கலருக்கென்று மிக மங்கலான மஞ்சள் கலந்த விளக்குகள் உண்டு, ஆனால் அந்த வெளிச்சத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. முழு இருட்டுக்குப் பழகிவிடுங்கள். கைக்கடிகாரம், ஏசியின் சின்னப் பச்சைப் புள்ளி, டைமரின் எண்கள், மொபைல் எல்லாவற்றையும் மூடுங்கள். பேப்பர் டிரம்முக்குள் (வெளிச்சம் புகாத கழுவும் குழாய்) போய் மூடியும் போட்டாயிற்று என்றால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் செய்பவர்களுக்கு நான் டிரம்மைச் சொல்வது அதற்காகத்தான்.

முழு இருட்டில் எந்தப் பக்கம் எமல்ஷன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை, அதே நண்பர்)

தாள் லேசாக வளையும், உள்பக்கம் எமல்ஷன். மழைக்காலத்தில் இந்த வளைவு குறைந்துவிடும். அப்போது ஒரு மூலையை மட்டும் உதட்டில் தொட்டுப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம் எமல்ஷன். அந்த மூலை வெள்ளை பார்டருக்குள் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் எல்லாத் தாளும் ஒரே பக்கம் பார்த்துத்தான் இருக்கும், எனவே முதல் தாளில் தெரிந்தால் போதும். தப்பாகப் போட்டால் பிரிண்டே சொல்லும். படம் மங்கி, இடவலம் மாறி, விசித்திரமான நிறத்தில் வரும்.

ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மடங்கினால் பிறை நிலா மாதிரி ஒரு தழும்பு விழும், அது போகாது.

என் பிரிண்ட் எல்லாம் மஞ்சளடிக்கிறது. ஃபில்டரைக் குறைத்தால் இன்னும் மோசம்! (சேலம்)

குறைத்ததுதான் கோளாறு. நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது எல்லாம் தலைகீழ். பிரிண்டில் மஞ்சள் அதிகம் என்றால் மஞ்சள் ஃபில்டரைக் கூட்டுங்கள். மெஜந்தா அதிகம் என்றால் மெஜந்தாவைக் கூட்டுங்கள். சயான் சாய்ந்தால் மஞ்சள், மெஜந்தா இரண்டையும் சம அளவு குறையுங்கள். சயான் ஃபில்டரைத் தொடவே வேண்டாம். மூன்றையும் சேர்த்தால் வெளிச்சம்தான் குறையும்.

ஈரப் பிரிண்டைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஈரத்தில் நீலம் கலந்து, சற்று இருண்டு தெரியும். ஹேர் டிரையரால் காயவைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இனி அந்த எமல்ஷன் எண் விஷயம். போன மாதம் சரியாக இருந்த ஃபில்டர் அளவு இந்த மாதம் பொருந்தவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் பேப்பர் கம்பெனியைத் திட்டியிருக்கிறீர்கள். பெட்டி மாறினால் எமல்ஷன் எண் மாறும், எண் மாறினால் நிறம் கொஞ்சம் நகரும். அது எப்போதும் அப்படித்தான். என்னைக் கேட்டால் எந்தப் பிராண்டு என்பதைவிட ஒரே எண்ணில் எத்தனை பெட்டி கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். ஒரு வேலைக்கு வேண்டியதை ஒன்றாக வாங்கிக் குளிரில் வையுங்கள்.

லேப் வைத்திருக்கிறேன். ஆடி மாதம் வந்தாலே வெள்ளை பார்டர் அழுக்காக வருகிறது. பேப்பர் மாற்றியும் பார்த்தாயிற்று. (ஈரோடு)

பேப்பரை விடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மெஷினில் ஓடும் பேப்பர் குறைகிறது. பேப்பர் ஓடினால்தான் ரெப்ளினிஷர் (டெவலப்பரின் வலுவை ஈடுகட்டும் கரைசல்) புதிதாக உள்ளே போகும். ஓடாவிட்டால் டாங்க்கில் உள்ள டெவலப்பர் 38 டிகிரிச் சூட்டில் சும்மா நின்று காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். மார்கழியிலும் இதே கதை வந்திருக்குமே? வேலையைச் சேர்த்து வைத்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் மெஷினை ஓட்டுங்கள், தினமும் சூடேற்றி வைக்காதீர்கள். தொடங்கும் முன் கண்ட்ரோல் ஸ்ட்ரிப் (கரைசலின் நிலையைச் சோதிக்கும் மாதிரித் துண்டு) ஓட்டிப் பாருங்கள். டெவலப்பர் கருந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

ரோல் ஸ்டாக்கையும் முகூர்த்த மாதக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள்.

டெவலப்பரை 35 டிகிரியில் நிறுத்த என்ன கருவி வேண்டும்? (வேலூர்)

வேலூருக்கா! சித்திரையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மற்ற மாதங்களில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரைக் கலந்து பாட்டில்களை நிற்கவைத்தால் போதும். 35 டிகிரிக்கு 45 விநாடி. அறை வெப்பத்திலேயே செய்தால் இரண்டு நிமிடம். நேரம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது. இடையில் வினிகர் அளவு மென்மையான அசிட்டிக் அமில ஸ்டாப் பாத் கொடுங்கள். பிளிக்ஸ் ஒரு துளி டெவலப்பரில் விழுந்தாலும் அந்த டெவலப்பர் அவ்வளவுதான்.

ஸ்லைடிலிருந்து நேராகப் பிரிண்ட் போட முடியுமா? (பாண்டிச்சேரி)

ஆர்ஏ-4 பேப்பரில் போட்டால் நெகட்டிவ்தான் வரும். அதற்கென்றே இருந்த இல்ஃபோகுரோம் இப்போது தயாரிப்பில் இல்லை. முதலில் கறுப்பு வெள்ளை டெவலப்பர், பிறகு வெளிச்சம் காட்டி ஆர்ஏ-4 டெவலப்பர் என்று திருப்பிக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். கான்ட்ராஸ்ட் எகிறும். விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். நல்ல பிரிண்ட் வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து லேபில் கொடுங்கள்.

கறுப்பு வெள்ளை நெகட்டிவைக் கலர் பேப்பரில்? (நாகர்கோவில்)

வரும். கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சு மாஸ்க் (ஃபிலிம் முழுக்கப் படர்ந்த ஆரஞ்சு நிறம்) இதில் இல்லாததால் ஃபில்டர் மிக அதிகமாக வேண்டியிருக்கும். கழுவிய கலர் ஃபிலிமின் படம் இல்லாத துண்டு ஒன்றை ஃபில்டர் டிரேயில் வைத்துவிடுங்கள், வேலை பாதியாகிவிடும்.

1970களில் எடுத்த அப்பா அம்மா கல்யாணக் கலர் படம் முழுக்கச் சிவந்துவிட்டது. பெட்டிக்குள்தான் இருந்தது, வெயிலே படவில்லை. ஏன்? (தஞ்சாவூர்)

அந்தக் காலப் பேப்பர்களில் சயான் சாயம் பலவீனமானது, இருட்டிலும் தானாகவே சிதையும். சயான் போனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும், இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. உங்கள் ஊர்ச் சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தியிருக்கும். சுவரில் மாட்டி வெளிச்சம் பட்ட படங்களில் கதை வேறு, அங்கே பெரும்பாலும் மெஜந்தாதான் முதலில் போகும். இப்போதைய பேப்பர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

போன சாயத்தைத் தாளில் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்ல ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்தால், மிச்சமிருக்கும் சயானை வைத்துக் கம்ப்யூட்டரில் பெருமளவு மீட்கலாம். தாமதிக்க வேண்டாம். படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசை தடவிய ஆல்பப் பக்கங்களும் பிவிசி கவர்களும் வேண்டாம். பாலிபுரோப்பிலீன் கவர் நல்லது. லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள்.

ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையை அங்கே வைத்ததற்குக் காரணம் குளிர்தானா? (குன்னூர்)

குளிரும், தூசி இல்லாத காற்றும். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டது, உற்பத்தி 1967இல் தொடங்கியது. 'இந்து' (Indu) என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளைப் பேப்பரில்தான் நம்மில் பலர் தொழில் கற்றோம்.

கையுறை கட்டாயமா? (விழுப்புரம்)

கட்டாயம். டெவலப்பரில் உள்ள சிடி-3 என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அலர்ஜி கொடுக்கும், ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஆனால் ஈரக் கையுறையோடு பேப்பர் கவருக்குள் கைவிடாதீர்கள். பயன்படுத்திய பிளிக்ஸில் வெள்ளி இருக்கிறது, கிணற்றுப் பக்கம் கொட்டாமல் கேனில் சேர்த்து லேபில் கொடுத்தால் அவர்கள் மீட்பு ஆளிடம் சேர்த்து விடுவார்கள்.