கர்ப்பத்தில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். கருப்பட்டி சாப்பிடலாமா, குழந்தைக்கும் வருமா?

தம்பி, உங்கள் மனைவிக்கு 26வது வாரம், குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 162, சீனியை நிறுத்திவிட்டு அம்மா எல்லாவற்றுக்கும் கருப்பட்டி போடுகிறார், இன்சுலின் என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாவது பிரசவத்தில் இதே கதைதான், கீழக்கரைப் பக்கம் எங்கள் ஊர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கருப்பட்டி. அதில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். சாயல்குடிக் கருப்பட்டி, சுத்தமான கருப்பட்டி என்றாலும் அப்படித்தான். பனங்கற்கண்டு, பதநீர், தேன், எல்லாம் அதே வரிசை. நம் பக்கம் பனை இல்லாத வீடே இல்லை என்பதால் இதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு, அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நர்ஸம்மாவைச் சொல்ல வையுங்கள்.

அந்தச் சோதனையில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் இனிப்பு தின்றதால் வந்தது என்று யாரையும் பேச விடாதீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, மாதம் ஏற ஏற அது கூடும், ஈடுகட்டும் அளவுக்கு உடம்பு இன்சுலின் சுரக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது, அவ்வளவுதான்.

குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையே கூடுதலாக இன்சுலின் சுரந்து, வருகிற சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பருக்கிறது. குண்டுக் குழந்தை என்று நாம் மகிழ்வோம், ஆனால் பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில்தான் இருக்கிறது, ஆபரேஷனுக்கும் வாய்ப்பு கூடும். தாய்க்கு பிபி ஏறலாம், பனிக்குடத் தண்ணீர் அதிகமாகலாம், கவனிக்காமலே விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும். பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் உடனே குறையாது, அப்போது அதற்குச் சர்க்கரை இறங்கும். என் மகளுக்கு முதல் பால் கொடுத்த பிறகு குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள், 38. மறுபடி மார்பில் போட்டார்கள், அவள் உறிஞ்சவே மாட்டாமல் தூங்கித் தூங்கி விழுந்தாள், நர்ஸம்மா உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக் குடிக்க வைத்தார், அப்புறம் பார்த்தால் 56. அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று யாரும் நாக்கில் தடவக் கூடாது.

சாப்பாட்டில் மீனுக்குப் பயமே வேண்டாம். சாளை, நகரை, காரல் எதுவானாலும் குழம்பு வையுங்கள், முருங்கைக் கீரை, முட்டை, சுண்டல் தாராளமாகக் கொடுங்கள். குறைக்க வேண்டியது தட்டில் மலை மாதிரி குவிக்கிற சோறு. கேழ்வரகுக் கூழ் சர்க்கரைக்கு நல்லது என்று சொம்பு நிறையக் கொடுப்பார்கள், அதுவும் மாவுதான், கூழாகக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். அதற்காகப் பட்டினியும் போடக் கூடாது, மூன்று வேளைச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துவிடுங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை சாப்பிட்டபின் சிறிது நடை.

இப்படி இரண்டு வாரம் இருந்தும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வரவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார்கள். இன்சுலின் குழந்தைக்குப் போகாது என்று மேலே சொன்னேனே, அதனால் அது பாதுகாப்பான மருந்து. ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போடணும் என்பதும் பொய், எனக்குப் பிரசவத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் இறுக மூடிய டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீருக்குள் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம்.

பிரசவம் முடிந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், வீட்டில் எல்லோரும் மறந்தும் போவார்கள், கருப்பட்டி போட்ட பிரசவ லேகியம் உருண்டை உருண்டையாக வரும். எனக்கு இதில்தான் அதிகக் கவலை. இப்படிச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 7 மடங்காவது அதிகம். குழந்தை சர்க்கரை நோயோடு பிறக்காது, ஆனால் வளர்ந்தபின் உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு அதற்கும் கூடுதல். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே மனைவியைக் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போய் மறுபடி அந்தக் குளுக்கோஸ் சோதனையைச் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போது அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.