பழைய சர்வரில் சாவியும் சான்றிதழும்: கரையோரத்தாரின் கேள்விகளுக்குப் பதில்

ராமேசுவரம், தங்கும் விடுதி: அக்கா, எங்கள் முன்பதிவு சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்த பின் கணினியில் தளம் சரியாகத் திறக்கிறது. யாத்திரிகர்களின் கைப்பேசியில் மட்டும் எச்சரிக்கை வருகிறது. ஏன்?

உங்கள் சான்றிதழை ப்ரவுசர் நம்பும் நிறுவனத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் போய்ச் சேரவில்லை, தம்பி. கணினி ப்ரவுசர்கள் பல அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். கைப்பேசிகளில் சில தேடாது. இன்றைய வழிகாட்டிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடச் சொல்கின்றன. தளத்தைப் பரிமாறும் அப்பாச்சி மென்பொருளில் 2.4.8 பதிப்பு முதல்தான் அது வேலை செய்யும். உங்களிடம் இருப்பது 2.2, இடைநிலைக் கோப்பை அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் 'எஸ்எஸ்எல் சர்ட்டிஃபிகேட் செயின் ஃபைல்' (SSLCertificateChainFile) என்ற தனி வரியில் கொடுங்கள். ஆனால் சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பர் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. இந்தச் சீசன் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

கீழக்கரை, ஏற்றுமதி அலுவலகம்: 2013 முதல் ஒரே இரகசியச் சாவியை (சான்றிதழுக்கு இணையாகச் சர்வரில் இருக்கும் இரகசியக் கோப்பு) வைத்துத்தான் சான்றிதழைப் புதுப்பிக்கிறோம். தவறா?

தவறுதான். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் சர்வரின் நினைவகத்தைக் கசியவிட்டது. சாவியும் அதில் போயிருக்கலாம். சர்வரின் எந்த லாக் பதிவிலும் தடயம் இருக்காது. சென்ட்ஓஎஸ் பழைய எண்ணை மாற்றாமலே திருத்தத்தைச் சேர்த்ததால், இன்றைய பதிப்பு எண்ணை மட்டும் வைத்தும் முடிவுசெய்ய இயலாது. புதுச் சாவி உருவாக்குங்கள், புதுச் சான்றிதழ் வாங்குங்கள், பழையதை ரத்து செய்யச் சொல்லுங்கள். சாவியை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தாலும் இதே வழிதான்.

மண்டபம், ஐஸ் ஆலை: மின்தடைக்குப் பின் எல்லாச் சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும்.

தொண்டி, மீன் ஏல அலுவலகம்: பில் மென்பொருள் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் மட்டுமே ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் ஊரிலேயே இல்லை. என்ன செய்வது, அம்மா?

அதன் மேல் சான்றிதழை ஏற்றிப் போராடாதீர்கள். புதிய லினக்ஸ் ஓடும் சிறு கணினி ஒன்றை முன்னால் நிறுத்தி, வரும் கோரிக்கைகளைப் பழைய சர்வருக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் மென்பொருளைப் போடுங்கள். சாவியும் சான்றிதழும் அங்கே மட்டும் இருக்கட்டும். பழைய சர்வரை அதனோடு நேரடிக் கேபிளில் இணைத்து, இணையத்திலிருந்து முழுக்கத் துண்டியுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: பொதுச் சான்றிதழின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதைக் கையால் புதுப்பித்து மாளாது. தானாகப் புதுப்பிக்கும் கருவிகள் புதுக் கணினியில் சிக்கலின்றி ஓடும். உங்கள் 2008-இல் அவற்றை ஓட்டுவதே பெரும் பாடு.

ஏர்வாடி, மருந்துக்கடை: சாவியைப் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கலாமா?

இணையதளச் சாவிக்கு நகல் தேவையில்லை. தொலைந்தால் புதிதாக உருவாக்கலாம். தரவைப் பூட்டிய சாவி என்றால் கதையே வேறு: அது போனால் தரவும் போயிற்று. கடவுச்சொல் போட்டு இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள். உப்புக்காற்றில் பென் டிரைவ் முனைகள் அரித்துவிடும். அவ்வப்போது திறந்து பாருங்கள்.