ஏழரை வயதில் மார்பு அரும்புகிறது, 15 முடிந்தும் வயசுக்கு வரவில்லை: இரண்டுக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "என் மகளுக்கு ஏழரை வயது. இரண்டு மாதமாக இடது மார்புக் காம்புக்கு அடியில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் வலிக்கிறது என்கிறாள். பள்ளி திறக்கும்போது எம்.சி. ரோட்டில் கொஞ்சம் பெரிதாகவே பார்த்து எடுத்த கவுன் இப்போதே முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பிராய்லர் கோழி கொடுத்ததால்தான் என்கிறார் மாமியார். என் அக்கா மகளுக்கோ 15 முடிந்தும் இன்னும் வயசுக்கு வரவில்லை, மார்பும் வளரவில்லை, வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?"

அம்மா, முதலில் அந்தக் கட்டி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மார்பு அரும்புவதுதான். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் தெரியும், சில மாதம் கழித்துத்தான் அடுத்த பக்கம் வரும். யார் சொன்னாலும் அதை அறுத்துப் பார்க்க விடாதீர்கள். நாளைக்கு முழு மார்பாக வளர வேண்டிய திசுவே அந்தப் பட்டன்தான், அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சியே இருக்காது. அமுக்கி அமுக்கிப் பார்ப்பதும் வேண்டாம், குழந்தைக்கு வலிக்கும்.

ஆனால் புற்றுநோய் பயம் இல்லை என்பதால் சும்மா இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் கணக்கை எப்போதும் ரத்தம் பட்ட நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். தாய்மாமனுக்குச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டுவதெல்லாம் அன்றைக்குத்தான். உடம்போ அதற்கு இரண்டு, இரண்டரை வருஷம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. மார்பு அரும்பு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் வந்தால் இயல்பு. 8-க்கு முன்னால் வந்தாலும் 13 முடிந்தும் வராவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்பது வயதில் மாதவிடாய் வந்த பிறகு அழுதுகொண்டே கூட்டி வருகிற அம்மாக்களைப் பார்க்கும்போது, இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் கட்டியைவிட என்னை யோசிக்க வைத்தது அந்தக் கவுன். இந்த வயதில் குழந்தை வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளரும். அதைத் தாண்டி விறுவிறுவென்று வளர்ந்தால் ஹார்மோன் நிஜமாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். இப்போது வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக நிற்பாள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே ஹார்மோன் எலும்பின் வளரும் நுனிகளைச் சீக்கிரம் மூடிவிடும், தோழிகள் வளர ஆரம்பிக்கும்போது இவள் நின்றுவிடுவாள். அதனால் இன்றைக்கே செருப்பில்லாமல் குதிகால் ஒட்ட சுவரோரம் நிற்க வைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தை நேராக வைத்து, பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பள்ளியில் போன வருஷம் எடுத்த உயரம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இடது கையை மணிக்கட்டோடு சேர்த்து ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள், எலும்புக்கு என்ன வயது என்று அதில் தெரியும். ரத்தத்தில் ஹார்மோன், தைராய்டு, அப்புறம் கர்ப்பப்பையும் சினைப்பையும் பார்க்க ஒரு ஸ்கேன். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இருந்தாலோ, ஆறு வயதுக்குள்ளேயே ஆரம்பித்திருந்தாலோ மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பெண் குழந்தைகளில் பெரும்பாலும் மூளையில் ஒன்றும் இருக்காது. மெதுவாகத்தான் போகிறது என்றால் சில மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், வேகமாகப் போனால் மட்டும் பூப்பெய்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி. ஊசியை நிறுத்தினால் உடம்பு விட்ட இடத்திலிருந்து தொடரும், பிற்காலத்தில் குழந்தை பெறுவதை அது கெடுக்காது.

கோழி விஷயம். பிராய்லர் சீக்கிரம் பெருப்பது அந்த இனத்தாலும் தீவனத்தாலும், ஹார்மோன் ஊசியால் அல்ல. மாமியாரிடம் சண்டை வேண்டாம், கோழிக் குழம்பையும் நிறுத்த வேண்டாம். பாக்கெட் சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ், சாயங்கால பஜ்ஜி இவற்றைக் குறையுங்கள், ஏனென்றால் அதிக எடைக்கும் சீக்கிரம் பூப்பெய்துவதற்கும் சம்பந்தம் உண்டு. வீட்டில் யாராவது ஹார்மோன் கலந்த களிம்பு பூசுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, மார்பு வளர்ச்சியே இல்லாமல் சிறு குழந்தைக்கு ரத்தம் பட்டால் அது வயசுக்கு வருவது அல்ல. உள்ளே ஏதாவது பொருள் இருக்கலாம், அடிபட்டிருக்கலாம், யாராவது தவறாக நடந்திருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரவேண்டும், சந்தேகம் இருந்தால் 1098-க்கு அழைக்கலாம்.

இப்போது உங்கள் அக்கா மகள். உண்மையில் இரண்டு பேரில் எனக்கு அதிகம் கவலை இவளைப் பற்றித்தான். 13 வயதிலேயே காட்டியிருக்க வேண்டியவள், பரீட்சைக்காக இன்னும் காத்திருக்கக் கூடாது. சத்துக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, நாள்பட்ட நோய் எதுவாகவும் இருக்கலாம். அம்மாவும் பாட்டியும் தாமதமாக வயசுக்கு வந்தவர்களா என்றும் கேட்பேன். ஆனால் குள்ளமும் மார்பு வளராததும் சேர்ந்து இருந்தால் டர்னர் சிண்ட்ரோம் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாமலோ குறைந்தோ பிறப்பது அது. ஒரு குரோமோசோம் ரத்தப் பரிசோதனை போதும். அப்படி இருந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டும், ஈஸ்ட்ரோஜனைச் சிறிய அளவில் தொடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். உயரத்துக்கான ஊசி எலும்பு மூடுவதற்குள் போட்டால்தான் பலன், ஒவ்வொரு மாதமும் கணக்கு. தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வரவைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

(மார்பு நன்றாக வளர்ந்தும் மாதவிடாய் வராமல், மாதாமாதம் அடிவயிறு வலிக்கிற பெண்கள் வேறு ரகம். ரத்தம் வெளியே வரும் பாதை அடைபட்டு உள்ளேயே தேங்கியிருக்கலாம், பெரும்பாலும் சின்ன ஆபரேஷனில் சரியாகும்.)

அக்காவிடம் ஸ்டான்லிக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ இந்த வாரமே போகச் சொல்லுங்கள். காலை ஓ.பி.க்குப் போனால் ஒரு நாள் பள்ளிதான் போகும். உங்கள் மகளிடம், "எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், உனக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, வலித்தால் என்னிடம் சொல்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். புத்தகப் பையின் வார் அந்த இடத்தில் உரசாமல் உள்ளே ஒரு மெல்லிய பருத்தி பனியன் போட்டு அனுப்புங்கள்.