பிராட்வுர்ஸ்ட் என்றால் பொரித்த சொசேஜா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பாசார் மாலாமில் நீண்ட பன்னுக்குள் வைத்து விற்கும் கோழி சொசேஜுக்குப் 'பிராட்வுர்ஸ்ட்' என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். ரொட்டியோடு தருவதால் வந்த பெயர் என்கிறார் என் கணவர். ஜெர்மன் மொழியில் 'பொரித்த சொசேஜ்' என்று பொருள் என்கிறான் மகன். எது சரி?
- வாசகி ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டுமே சரியல்ல, ஆனால் மகனுடைய தவற்றை ஜெர்மானியர்களே செய்கிறார்கள். 'வுர்ஸ்ட்' என்பது சொசேஜ், அதில் ஐயமில்லை. 'பிராட்டன்' என்னும் ஜெர்மன் வினைச்சொல்லுக்கு வறுத்தல், வாட்டுதல் என்று பொருள் இருப்பதாலும், இந்தச் சொசேஜைப் பெரும்பாலும் கரியடுப்பில் வாட்டியே உண்பதாலும், பெயரின் முற்பகுதி அந்த வினையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். உண்மையில் அது, எலும்பு நீக்கிய தசையைக் குறித்த ஒரு பழஞ்சொல். அதன் வழிவந்த 'பிரேட்' என்னும் சொல்லை, பொடியாகக் கொத்திப் பிசைந்த பச்சை இறைச்சிக் கலவைக்கு ஜெர்மானிய இறைச்சிக் கடைக்காரர்கள் இன்றும் வழங்குகிறார்கள். ஆகவே பெயர் சொல்வது உள்ளே இருப்பதைத்தான், சமைக்கும் முறையை அன்று.

நம் 'எண்ணெய்' என்ற சொல்லையே பாருங்கள். எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல் அது. புணர்ச்சியில் எள் மறைந்துபோனதால், செம்பனை எண்ணெய் என்று சொல்லும்போது நமக்கு எள்ளின் நினைவே வருவதில்லை.

உங்கள் கணவரின் ஊகத்துக்கும் ஒரு சுவையான துணை உண்டு. ஜெர்மன் மொழியில் ரொட்டிக்குப் 'புரோட்' என்று பெயர். ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்து ஆர்ன்ஸ்டட் நகரக் கன்னியர் மடத்தின் 1404ஆம் ஆண்டுக் கணக்கில், இச்சொசேஜுக்கான குடல் வாங்க ஒரு குரோஷன் (அக்கால நாணயம்) செலவானதாகக் குறித்தவர் அதன் பெயரைப் 'புரோட்வுர்ஸ்ட்' என்பதுபோலவே எழுதியிருக்கிறார்! எழுத்துமுறை நிலைபெறாத காலத்து வழக்கு அது. ரொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஊருக்கு ஊர் அளவும் வேறுபடும். நியூரம்பர்க் நகரத்துச் சொசேஜ் 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். துரிங்கியாவுடையது 15 சென்டிமீட்டருக்குக் குறையாது. நியூரம்பர்க் வட்டாரத்தில் இதை வெங்காயமும் வினிகரும் சேர்த்த நீரில் வேகவைத்தும் உண்பார்கள். நெருப்பில் வாட்டாவிட்டாலும் அது பிராட்வுர்ஸ்ட்தான். ஜெர்மனியில் பெரும்பாலும் பன்றி இறைச்சியால் செய்வார்கள் என்றாலும், கொத்திய இறைச்சி என்ற அளவில் உங்கள் ஊர்க் கோழிக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.